ஊமைப்படத்தை நம்பி நிலத்தை விற்றவர்

நெய்யாற்றின்கரையும் அகஸ்தீஸ்வரமும் உரிமை கொண்டாடும் ஜே. சி. டானியல்

திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற இடத்தை அறியாத குமாஸ்தா இருக்க மாட்டார். சர்க்கார் வேலைக்கு ஒரு தடவையாவது மனுப் போட்டவர்களுக்கு அங்குள்ள பப்ளிக் சர்வீஸ் கமிஷன் அலுவலகம் நன்றாக நினைவிருக்கும். அந்த அலுவலகத்துக்குப் பக்கத்தில் 1926-ஆம் ஆண்டில் ஒரு சினிமா ஸ்டுடியோ எழுந்தது. கேரள மண்ணில் முதல் ஸ்டுடியோ அதுதான். அதற்கு ‘திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். அதைக் கட்டியவர் பெரிய மில் முதலாளியும் அல்ல, கொட்டாரத்துப் பிரபுவும் அல்ல. சிலம்பமும் வாள்வீச்சும் கற்ற ஒரு தமிழ் நாடார் குடும்பத்து இளைஞர். குடும்பச் சொத்தான நிலத்தை விற்று அந்தப் பணத்தில் கட்டினார். சில ஆண்டுகளுக்குள் ஸ்டுடியோவும் போயிற்று, நிலமும் போயிற்று.

அவர்தான் ஜோசப் செல்லையா டானியல். மலையாள சினிமாவின் தந்தை என்று இன்று கேரளம் முழுவதும் அறியப்படும் ஜே. சி. டானியல்.

அவர் பிறந்த ஊர் எது என்பதில் இரண்டு கட்சி உண்டு. அகஸ்தீஸ்வரம் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். நெய்யாற்றின்கரை என்று மற்றொரு சாரார் எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்கு அவ்வளவு முக்கியத்துவம் கிடையாது. இரண்டு ஊர்களும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒரே மகாராஜாவின் ஆட்சியில் இருந்தவை. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே செக்போஸ்ட் கிடையாது. சமஸ்தானத்தின் எல்லை தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. நெய்யாற்றின்கரையில் வீடு, விளவங்கோட்டில் பெண் எடுத்த வீடு, அகஸ்தீஸ்வரத்தில் தென்னந்தோப்பு என்று ஒரே குடும்பம் பரந்து கிடப்பது சாதாரணம். பேச்சும் அப்படித்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த ஒரு பாஷை. இன்றும் பாறசாலைச் சந்தையில் அதைக் கேட்கலாம்.

டானியலின் தகப்பனார் ஒரு டாக்டர். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். மகன் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் படித்தார். படிப்பைவிட அவர் மனம் போனது களரிப் பக்கம். தென்திருவிதாங்கூரில் வடக்கன் களரியிலிருந்து வேறுபட்ட ஒரு தெக்கன் முறை உண்டு. அடிமுறை, சிலம்பம், வர்மம் எல்லாம் சேர்ந்தது அது. நெய்யாற்றின்கரை, விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் ஊருக்கு ஊர் ஆசான்மார் இருந்தார்கள். டானியல் அதில் தேர்ந்தவர். வாள்வீச்சைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் எழுதினார்.

புத்தகம் எழுதினால் எத்தனை பேர் படிப்பார்கள்? சினிமாவில் காட்டினால் ஊரே பார்க்கும். இந்த எண்ணம்தான் அவரைச் சினிமாவின் பக்கம் இழுத்தது. வெள்ளைக்காரர் எடுத்த வாள்சண்டைப் படங்கள் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நம் களரிப் பயிற்றைப் படத்தில் காட்டினால் அதுவும் நாலு நாட்டில் ஓடும் என்று அவர் கணக்குப் போட்டார். இந்தக் கணக்கில் பிழை இல்லை என்பதே உண்மை. களரியும் சிலம்பமும் திரையில் பணமாகும் என்பதைப் பின்னால் வந்த எத்தனையோ மலையாளப் படங்களும் தமிழ்ப் படங்களும் காட்டிவிட்டன. ஆனால் அந்தப் பணம் வேறு கைகளுக்குப் போயிற்று.

தொழில் கற்கச் சென்னைக்குப் போனார் டானியல். அங்கே ஸ்டுடியோவுக்குள் நுழையவே விடவில்லை. பிறகு பம்பாய்க்குப் போனார். அங்கே ஒரு யுக்தி செய்தார். தாம் கேரளத்திலிருந்து வந்த ஆசிரியர் என்றும், மாணவர்களுக்குச் சினிமாவைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் கூறி உள்ளே புகுந்தார். பார்க்க வேண்டியதைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, காமிரா முதலிய கருவிகளுடன் ஊர் திரும்பினார்.

இந்த இடத்தில் கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் திருச்சி பொன்மலை ரயில்வேயில் ஒரு சாதாரண குமாஸ்தா. 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சியில் நோய்வாய்ப்பட்டு ஊருக்குத் திரும்ப நினைத்தபோது, அவரிடமிருந்த படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து, ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையைக் கட்டினார். பேசும் படம் வந்தபோது அதிலும் இறங்கினார். அவர் விற்றது காட்சி. கையில் ஒரு கருவி, நாலு சுருள். ஒரு ஊரில் கூட்டம் வராவிட்டால் அடுத்த ஊருக்கு மாட்டு வண்டி கட்டலாம். டானியல் செய்ய முனைந்தது வேறு. ஸ்டுடியோ கட்டி, நடிகர்களைத் திரட்டி, படம் எடுத்து, அந்த ஒரே படம் ஓடினால்தான் முதல் திரும்பும் என்ற நிலையில் நின்றார். இரண்டும் சினிமாத் தொழில்தான். ஆனால் ஒன்றில் நஷ்டம் ஒரு நாள் வசூலோடு முடியும், மற்றதில் தலைமுறைச் சொத்தோடு முடியும்.

காணாமற் போன மகன்

டானியல் எடுத்த படத்தின் பெயர் ‘விகதகுமாரன்’. தொலைந்துபோன மகன் என்று பொருள் கொள்ளலாம். கதை, காமிரா, டைரக்‌ஷன், படத்தை வெட்டி ஒட்டுவது, கதாநாயகன் வேஷம் எல்லாம் அவரே. அவருடைய மகனே சிறுவனாக நடித்தான். வில்லனாக நடித்தவர் ஜான்சன். பிற்காலத்தில் ‘ஜீவித நௌகா’வில் நடித்துப் புகழ்பெற்று, டைரக்டர் டி. ஆர். ராமண்ணாவின் மனைவியான பி. எஸ். சரோஜா இந்த ஜான்சனின் மகள்தான்.

கதையைக் கேட்டால் நம் வாசகர்களில் பலருக்கு நெருக்கமாக இருக்கும். திருவிதாங்கூரில் ஒரு பணக்காரர் வீட்டுப் பையனை வில்லன் இலங்கைக்குக் கடத்திக்கொண்டு போகிறான். அங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாகப் பையன் வளர்கிறான். பிறகு உறவினன் ஒருவன் இலங்கைக்குப் போக, முடிச்சுகள் அவிழ்கின்றன. தெற்குச் சீமையிலிருந்து கங்காணிகளின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறிய காலத்தில் எடுத்த படம் இது. அந்த நாளில் இந்தியாவில் எடுத்த படங்களில் பெரும்பாலானவை ராமாயண, பாரதக் கதைகள். கிருஷ்ணனையும் அனுமானையும் திரையில் கண்டு ஜனங்கள் கும்பிட்ட காலம். அப்போது ஒருவர் சமூகக் கதையை எடுத்தார் என்றால் அது துணிச்சல்தான். வியாபாரிக்கு அந்தத் துணிச்சல் ஆகாது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அது தவறாக இருக்காது.

கதாநாயகி கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. குடும்பப் பெண்கள் சினிமாவில் நடிப்பதை நினைத்தும் பார்க்க முடியாத காலம். நாடகத்தில்கூட ஆண்களே பெண் வேஷம் போட்டார்கள். பம்பாயிலிருந்து ஒரு நடிகை வரவழைக்கப்பட்டாள். அவள் கேட்ட வசதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கிடைத்தவர் பி. கே. ரோசி. புலையர் வகுப்பைச் சேர்ந்த ஏழைப் பெண். புல் அறுத்துப் பிழைத்தவர். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். இந்தக் காக்காரிசி என்பது தென்திருவிதாங்கூரின் நாட்டுக்கூத்து. சிவனும் பார்வதியும் குறவன் குறத்தி போல் வந்து பேசுவதும் பாடுவதுமாக இருக்கும். அதில் பாதி தமிழ், பாதி மலையாளம். ரோசிக்குச் சம்பளம் நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் என்று சொல்லப்படுகிறது. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேஷம் சரோஜினி என்ற நாயர் பெண்.

டானியலின் கணக்குகளில் மிகப் பெரிய பிழை இதுதான் என்று சொல்ல வேண்டும். வேஷம் கொடுத்தது பிழையல்ல. ஜனங்கள் அதை வேஷமாக மட்டும் பார்ப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்ததுதான் பிழை. அவர் வளர்ந்த சீமையைப் பார்த்தாலே அது தெரிந்திருக்க வேண்டும். நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடும் உரிமைக்காக அவருடைய பாட்டனார் காலத்தில் தெற்குத் தாலுகாக்களில் பெரும் கலகம் நடந்து, 1859-இல்தான் ஓய்ந்தது. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் அருவிப்புரத்தில் 1888-இல் ஸ்ரீநாராயண குரு சிவலிங்கம் பிரதிஷ்டை செய்தபோது அதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. அதே தாலுகாவில் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி பொதுச் சாலையில் வில்வண்டியில் போவதற்கே போராட வேண்டியிருந்தது. கோயில் பிரவேச விளம்பரம் வந்தது 1936-இல். டானியல் படம் எடுத்தது அதற்கு முன். காமிரா என்ற புதுக்கருவி வந்துவிட்டால் பழைய புத்தி தானே ஒதுங்கிவிடும் என்று நம்பியவர் உலகில் அவர் ஒருவர் மட்டுமல்ல.

காப்பிட்டல் கொட்டகை

இன்றைய ஏஜீஸ் ஆபீசுக்கு எதிரே அந்நாளில் காப்பிட்டல் என்ற கொட்டகை இருந்தது. ‘விகதகுமாரன்’ அங்கேதான் முதலில் திரையிடப்பட்டது. 1928 நவம்பர் 7 என்று ஒரு கணக்கு. 1930 அக்டோபர் 23 என்று மற்றொரு கணக்கு. பிரபல வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை காட்சியைத் தொடங்கி வைத்தார். படத்தின் கதாநாயகிக்கு அந்த முதல் காட்சியில் இடம் இல்லை. ரோசி வந்தால் பெரிய மனிதர்கள் வரமாட்டார்கள் என்ற நிலைமை.

ஊமைப்படம் என்பதால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையைச் சொல்லிக்கொண்டே போவது அக்கால வழக்கம். இங்கே அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. புலையப் பெண் நாயர் பெண்ணாக வந்து நிற்பதைக் கண்டதும் மேல்சாதி ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். கதாநாயகன் அவள் கூந்தலிலிருந்த பூவை எடுத்து முத்தமிடும் காட்சியில் கொட்டகை ரகளையாகிவிட்டது என்று சொல்வார்கள். திரையில் கல் விழுந்தது. திரை கிழிந்தது. ரோசியைத் தேடிப்போய்த் துன்புறுத்தினார்கள். அவருடைய குடிசைக்குத் தீ வைத்தார்கள்.

அன்றிரவே தப்பி ஓடியதாகவும், சில நாள் கழித்துப் போனதாகவும் ரோசியின் கதை பலவிதமாகச் சொல்லப்படுகிறது. தமிழ்ப் பக்கம் போன ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் சேர்ந்தார் என்பதில் எல்லோரும் ஒத்துப் போகிறார்கள். நாகர்கோவில் சாலை நமக்குத் தெரிந்த சாலைதான்: நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை. லாரி ஓட்டிய கேசவ பிள்ளையையே பின்னர் மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் ஒரு சாதாரணக் குடும்பப் பெண்ணாக வாழ்ந்து மறைந்தார். அதன் பிறகு அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. தாம் நடித்த ஒரே படத்தையும் அவர் திரையில் பார்த்ததில்லை என்று சொல்கிறார்கள்.

ஆலப்புழை, நாகர்கோவில் முதலிய ஊர்களிலும் படம் காட்டப்பட்டது. போட்ட முதல் திரும்பவில்லை.

சாதிக் கலவரம் ஒன்றுதான் டானியலை வீழ்த்தியது என்று முடித்துவிட்டால் பாதிக் கதையைத்தான் சொன்னதாகும். கலவரம் நடக்காமல் படம் நூறு நாள் ஓடியிருந்தாலும் அந்த ஸ்டுடியோ அதிக நாள் நின்றிருக்காது. காரணம் கடலுக்கு அப்பால் இருந்தது.

1927 அக்டோபரில் அமெரிக்காவில் வார்னர் சகோதரர்கள் ‘ஜாஸ் சிங்கர்’ என்ற படத்தை வெளியிட்டார்கள். அதில் நடிகன் பாடினான், சில இடங்களில் பேசினான். இது சில நாள் வேடிக்கை, அப்புறம் ஜனங்களுக்குச் சலித்துவிடும் என்று சொன்னவர்கள் சாமானியர்கள் அல்ல. போனோகிராபைக் கண்டுபிடித்த எடிசனே, அமெரிக்க ரசிகர்கள் கொட்டகையில் அமைதியையே விரும்புவார்கள், பேசும் படம் எடுபடாது என்று அந்த 1927-இல் கருத்துச் சொன்னார். பேச்சைக் கருவியில் பிடித்து உலகத்துக்குக் கொடுத்த மனிதர் அவர்! சாப்ளின் பேசும் படத்தை ஏற்க மறுத்து 1931-இலும் ஊமைப்படமே எடுத்தார். அவர் சாப்ளின் ஆனதால் அது ஓடிற்று. 1940-இல் அவரும் திரையில் வாய் திறந்து பேசிவிட்டார்.

சினிமா விஷயத்தில் இப்படி ஆரூடம் சொல்லித் தவறுவது தொடக்கத்திலிருந்தே நடந்து வந்திருக்கிறது. முதன்முதலில் எடிசன் செய்த கருவியில் ஒரு நேரத்தில் ஒரே ஒருவர்தான் துவாரத்தில் கண்ணை வைத்துப் படம் பார்க்கலாம். திரையில் விழச் செய்து பலர் ஒன்றாகப் பார்க்கும்படி செய்தால் கருவி விற்பனை கெட்டுவிடும் என்று அவர் நினைத்தாராம். பாரிஸில் 1895-இல் திரையில் படம் காட்டிய லூமியேர் சகோதரர்களின் தகப்பனாரோ, கருவியை விலைக்குக் கேட்ட மெலியே என்ற வித்தைக்காரரிடம், இது சில காலம் ஓடும் விஞ்ஞான வேடிக்கை, வியாபாரத்துக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பியதாக அந்த மெலியே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கண்டுபிடித்தவர்களுக்கே கையிலிருந்த பொருளின் விலை தெரியவில்லை என்றால், திருவிதாங்கூரில் நிலம் விற்ற இளைஞரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

நம் நாட்டு நிபுணர்களும் விலக்கல்ல. 1927-இல் இந்திய சர்க்கார் சினிமாவைப் பற்றி ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்து 1928-இல் கனமான ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியப் படத்தொழிலுக்கு உதவ வேண்டும் என்ற நல்ல யோசனைகள் அதில் இருந்தன. ஆனால் ஊமைப்படங்களை வைத்தே கணக்குப் போட்ட அறிக்கை அது. மூன்றே வருஷத்தில் அந்தக் கணக்கு முழுவதும் மாறிவிட்டது. 1931 மார்ச் 14-இல் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31-இல் சென்னையில் டி. பி. ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’ வந்தது. அதில் கதாநாயகி தமிழ் பேச, கதாநாயகன் தெலுங்கு பேசினார். அப்படியும் கூட்டம் முண்டியடித்தது.

ஊமைப்படம் எடுக்க ஒரு கைக்காமிரா, வெயில், துணிச்சல் இருந்தால் போதும். காமிராவைக் கையால் சுழற்றுவார்கள், வினாடிக்குப் பதினாறு படம் என்பது போல ஒரு வேகம் கிடைக்கும். பேசும் படத்துக்கு வினாடிக்கு இருபத்து நான்கு படம், கொஞ்சமும் வேகம் மாறக் கூடாது. மாறினால் குரல் கெடும். ஆகவே மோட்டார் வேண்டும், மின்சாரம் வேண்டும். ஃபிலிம் ஒன்றரை மடங்கு செலவாகும். காக்கை கரைந்தாலும் பதிவாகிவிடும் என்பதால் சத்தம் புகாத கட்டடம் வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி, அதை இயக்கத் தெரிந்த என்ஜினீயர் எல்லாம் வேண்டும். கொட்டகைக்காரனும் ஒலிபெருக்கி வாங்கியாக வேண்டும். சென்னையிலேயே 1934 வரை பேசும் பட ஸ்டுடியோ கிடையாது. தமிழ்ப் படம் எடுக்கப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினார்கள். பட்டத்தில் இருந்த டானியலின் கூடத்துக்கு இதெல்லாம் எட்டாக் கனி.

மற்றொரு மாறுதல் இதைவிடப் பெரிது. ஊமைப்படத்துக்குப் பாஷை இல்லை. திருவனந்தபுரத்தில் எடுத்ததைப் பம்பாயிலும் கொழும்பிலும் காட்டலாம். டானியலின் வியாபாரக் கணக்கே அதில்தான் நின்றது. படம் பேசத் தொடங்கியதும் ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு வேலி விழுந்தது. மலையாள நாட்டுக் கொட்டகைகளில் தமிழ்ப் பேசும் படங்கள் வந்து குவிந்தன. தியாகராஜ பாகவதரின் பாட்டைக் கொல்லத்திலும் ஆலப்புழையிலும் முணுமுணுத்தார்கள். மலையாளத்தில் முதல் பேசும் படம் ‘பாலன்’ 1938-இல்தான் வந்தது. அதையும் எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம்.

டானியலுக்குக் கிடைத்த பாடத்தை அவருடைய உறவினரே படிக்கவில்லை என்பது வேடிக்கை. நாகர்கோவில் ஆர். சுந்தரராஜ் சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலை ஊமைப்படமாகவே எடுத்து 1933-இல் காப்பிட்டலில் வெளியிட்டார். புத்தகத்தின் உரிமை பெற்றிருந்த கமலாலயம் பதிப்பகத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். சில காட்சிகளோடு படம் நின்றது, சுருள் கைப்பற்றப்பட்டது. அவருக்கும் பெரும் நஷ்டம். ஆனால் அப்படிப் பூட்டி வைத்ததால் அந்தப் படம் பிழைத்தது. 1974-இல் பூனா தேசிய ஃபிலிம் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்து, இன்றும் இருக்கிறது. ‘விகதகுமாரன்’ அப்படிப் பிழைக்கவில்லை.

பல் வைத்தியர்

ஸ்டுடியோவை மூடி, கருவிகளை விற்றுக் கடனைத் தீர்த்தபின் டானியல் பல் வைத்தியம் கற்றார். தமிழ்நாட்டில் பல ஊர்களில் தொழில் நடத்தினார். கை ராசியான வைத்தியர் என்று பெயர் வாங்கினார். அதோடு இருந்திருந்தால் முதுமையில் கஷ்டப்பட்டிருக்க மாட்டார். ஆனால் சினிமாச் சபலம் ஒருமுறை பிடித்தால் விடாது. அப்போது உச்சத்தில் இருந்த நடிகர் பி. யு. சின்னப்பாவுடன் பழக்கம் ஏற்பட்டது. அவர் தந்த உற்சாகத்தில் மறுபடி படம் எடுக்கச் சென்னைக்குப் போய், சேர்த்த பணத்தையும் தொலைத்தார் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் தரும் தகவல். பிறகு மனைவி ஜேனட்டுடன் அகஸ்தீஸ்வரம் வந்து ஒதுங்கினார்.

படச்சுருள் என்ன ஆயிற்று? அந்நாளைய ஃபிலிம் நைட்ரேட் செல்லுலாய்டால் ஆனது. தீப்பொறி பட்டால் வெடிமருந்து போல் பற்றும். வீட்டில் கிடந்த சுருளைச் சிறுவனாக இருந்த இளைய மகன் துண்டு துண்டாகத் தீயில் போட்டு, நீலச் சுவாலை எழுவதைப் பார்த்து விளையாடியிருக்கிறான். அந்த மகனே வளர்ந்தபின் இதைச் சொல்லி வருந்தியிருக்கிறார். நிலம் விற்றுச் செய்த முதலில் மிச்சமிருந்தது அந்த ஒரு சுருள்தான்.

இந்தக் கதியில் டானியல் தனியாள் அல்ல. இந்திய சினிமாவின் தந்தை எனப்படும் தாதாசாகேப் பால்கேயையும் பேசும் படம் வீழ்த்தியது. அவர் எடுத்த ஒரே பேசும் படம் 1937-இல் வந்தது. 1944-இல் நாசிக்கில் வறுமையில் இறந்தார்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தையும், 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் எல்லைப்புறத்தில் இன்னும் பேசுகிறார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே விழுந்தது.

அந்தக் கோடு டானியலின் வயோதிகத்திலும் குறுக்கே விழுந்தது. நலிந்த கலைஞர்களுக்குக் கேரள சர்க்கார் உதவித் தொகை கொடுத்து வந்தது. அது டானியலுக்குக் கிடைக்கவில்லை. அவர் ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது, தமிழ்நாட்டைக் கேட்டுக்கொள்ளட்டும் என்ற ரீதியில் கோப்பு மூடப்பட்டது. அவர் எடுத்தது ஊமைப்படம்தானே, அதில் மலையாளம் எங்கே இருக்கிறது என்ற வாதமும் கிளம்பியது. தமிழ்நாட்டைக் கேட்டால் அவர் திருவனந்தபுரத்தில் படம் எடுத்தவர். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை பார்த்து, ரேஷன் கார்டு எங்கே, ஓட்டு எங்கே என்று அலைகிறவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணன் என்ற மலையாளப் பத்திரிகையாளர் அகஸ்தீஸ்வரத்துக்கு வந்து கிழவரைக் கண்டுபிடித்து, அவருக்காக விடாமல் எழுதினார். மலையாளத்தின் முதல் படம் எது என்ற கேள்விக்கு இன்று ‘விகதகுமாரன்’ என்று பதில் வருவதற்கு அவரே முக்கிய காரணம். ஆனால் எழுத்துக்குப் பலன் கிடைப்பதற்குள் 1975 ஏப்ரலில் டானியல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். திருவனந்தபுரத்தில் சினிமாத் தொழில் வளரும் என்று 1926-இல் அவர் நினைத்ததை, அவர் இறந்த அதே 1975-இல் கேரள சர்க்காரே ஒப்புக்கொண்டு திரைப்பட வளர்ச்சிக் கழகம் அமைத்தது. அதற்கு முன்பே, நாகர்கோவிலில் பிறந்த பி. சுப்பிரமணியம் நெய்யாற்றின்கரைச் சாலையில் நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டுடியோவைக் கட்டி, 1952 முதல் வரிசையாகப் படம் எடுத்துத் தள்ளினார். பட்டத்திலிருந்து நேமத்துக்கு ஒரு மணி நேர பஸ் பயணம்கூட இல்லை. தொழில் அங்கே போய்ச் சேர இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

1992-இல் கேரள சர்க்கார் சினிமாவில் ஆயுள் முழுவதும் உழைத்தவர்களுக்கு ஜே. சி. டானியல் பெயரில் விருது ஏற்படுத்தியது. முதல் விருது தயாரிப்பாளர் டி. ஈ. வாசுதேவனுக்குப் போயிற்று. மலையாளத் திரையுலகில் இன்று அதைவிட உயர்ந்த மாநில விருது இல்லை. 2013-இல் டைரக்டர் கமல் டானியலின் வாழ்க்கையை ‘செல்லுலாய்ட்’ என்ற படமாக எடுத்தார். பிருதிவிராஜ் டானியலாக நடித்தார். அது தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. ரோசியை உலகம் நினைவுகூர இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி கூகிள் நிறுவனம் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து வைத்தது.

இந்தியாவில் எடுத்த ஊமைப்படங்கள் ஆயிரத்துக்கும் மேல். இன்று கிடைப்பவை விரல்விட்டு எண்ணக் கூடியவை. ‘விகதகுமாரன்’ படத்தில் மிஞ்சியிருப்பவை சில போட்டோக்கள் மட்டுமே. ரோசி என்று பத்திரிகைகளில் வெளியாகும் போட்டோவும் அவருடையதுதானா என்பதில் சர்ச்சை இருக்கிறது.